நாற்காலியும் கோடரியும்: வேலை இழப்பும் தன்னடையாளமும் குறித்து ஒரு பார்வை

தில்லியில் புசா ரோட்டையும் அதனை ஒட்டிய கரோல் பாக் தெருக்களையும் தமிழ்க் குடும்பங்கள் நிறைத்திருந்த காலத்தில் ஒருவரை மற்றவர் சுட்டும் முறை தனித்ததாக இருந்தது. 'ரயில்வே போர்டு மாமா', 'ஏ.ஜி. ஆபீஸ்காரர்', 'டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் சார்' என்பன அன்றைய வழக்கு. தென்னாட்டில் பெயருக்கு முன் ஊர் நின்ற இடத்தில் தலைநகரில் அலுவலகம் வந்து அமர்ந்துகொண்டது. மைய அரசு ஊழியர்க்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் பதவிக்கும் ஊதியத்திற்கும் ஏற்பத் தரம் பிரிக்கப்பட்டவை. ஆதலின், ஒருவர் எந்தக் காலனியில் எவ்வகை வீட்டில் வாழ்கிறார் என்பதைக் கொண்டே அவர் யார் என அறிந்துகொள்ள முடிந்தது. பணி முடிந்ததும் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். பெயரும் முகவரியும் ஒரே நாளில் கழன்று விழுவது அந்நகரத்துத் தமிழர்க்கு வாழ்வின் இயல்பான ஒரு கட்டமாக இருந்தது.

புசா என்ற பெயரும் இடம்பெயர்ந்து வந்ததே. பீகாரில் உள்ள புசா என்னும் சிற்றூரில் 1905இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடத்தை இழந்து, 1936இல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டது. கட்டடம் போயிற்று, பெயர் வந்து சேர்ந்தது. இருந்த இடத்தை இழந்த பின்னும் பெயரைக் காத்துக்கொள்ளல் நிறுவனத்திற்கு இயன்றது. மனிதர்க்கு இது எந்த அளவிற்கு இயலும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வேலையை இழந்தவரிடம் 'வேலை வேறு, நீங்கள் வேறு' என்று கூறுவது இன்று ஆறுதல் மொழியாகப் பெருகியுள்ளது. இக்கூற்று முழுதும் பொய்யன்று, எனினும் அரைகுறையானது. வேலை என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருள்களைக் குறித்து வருகிறோம். ஒன்று கையோடு செல்வது; மற்றொன்று நாற்காலியோடு நின்றுவிடுவது. முன்னதைத் தொழில் எனவும் பின்னதை உத்தியோகம் எனவும் தமிழ் வழக்குப் பிரித்தே வைத்திருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சங்கப் பாடல் சிலவற்றிலும், தில்லி வாழ்வை எழுதிய ஆதவனின் புனைகதையிலும், அசோகமித்திரனின் சிறுகதை ஒன்றிலும் வைத்துக் காண்பது இங்கு நோக்கம்.

வினையும் செலவும்

இப்பொருள் பற்றிப் பேசுவோர் தவறாது எடுத்துக்காட்டுவது பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாடலை (135). தொழிலை ஆண்மகனின் உயிராகவும், ஆண்மகனை இல்லுறையும் பெண்ணின் உயிராகவும் அமைத்துக் கூறும் அப்பாடலின் முற்பகுதி, பொன்மொழி போல மேடைதோறும் ஒலிக்கிறது. உழைப்பின் மேன்மைக்கு அது சான்றாகக் காட்டப்படுகிறது. ஓய்வு பெறுவோர்க்கு நடைபெறும் விழாக்களில் இக்கட்டுரையாளரே அதனை மூன்று நான்கு முறை கேட்டதுண்டு. ஓய்வு பெறுபவரின் உயிர் அன்றோடு போயிற்று என்பது அதன் பொருளாகிவிடும் என எவரும் எண்ணுவதாகத் தெரியவில்லை!

ஆனால் பாடலின் கூற்றையும் முடிவையும் சேர்த்து நோக்கினால் பொருள் வேறாகிறது. பேசுபவள் தோழி, கேட்பவள் பிரிவஞ்சி வருந்தும் தலைவி. இக்கருத்தை நமக்குச் சொன்னவர் அவரே என்று தோழி கூறுகிறாள். சொன்னவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார். தன் உயிர் வினையில் இருக்கிறது என்று அறிந்தவர், உன் உயிர் தன்னிடத்தில் இருப்பதையும் அறிவார். ஆகவே செல்லமாட்டார், அழாதே என்பது பாடல். வினையின் பெருமை கூறுவதாக நாம் எடுத்தாளும் அடி, வினைமேற் செல்லுதல் தவிரும் என்பதற்கு ஏதுவாகவே அங்கு நிற்கிறது. வினையே எல்லாம் என்ற கொள்கையைப் பெருங்கடுங்கோ தலைவனின் வாய்மொழியாக வைத்து, தோழியின் அறிவால் அதனை மடக்கிவிடுகிறார். முற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வழங்கிய நாம் பாடலைத் தலைகீழாக்கிவிட்டோம் எனத் தோன்றுகிறது.

புறத்திணையில் இதனினும் தெளிவான சான்று ஒளவையாரின் பாடல் (புறநானூறு 206). அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது அவன் வாயில்காவலனை நோக்கிப் பாடியது அது. இன்றைய மொழியில் கூறினால், அலுவலக வாயிலில் காத்திருக்க வைக்கப்பட்ட ஒருவரின் பேச்சு. அஞ்சி தன்னைத்தான் அறியானா, என்னை அறியானா என்று கேட்கும் ஒளவையார், அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வெறிதாகிவிடவில்லை என்கிறார். இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டதைச் சொல்கிறார். பின்னர் வருவது தச்சனின் பிள்ளைகள் பற்றிய உவமை. கோடரியோடு காட்டிற்குள் செல்லும் கைவல்ல இளைஞர்க்கு எந்தப் பக்கமும் மரம் உண்டு; தமக்கும் எத்திசையிலும் உணவு உண்டு என்பது கருத்து.

அப்பாடலில் ஒளவையாரின் தன்மதிப்பு அஞ்சியின் அவையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. அது மூட்டையில் இருக்கிறது. மூட்டை தோளில் இருக்கிறது. வாயில் அடைபட்டாலும் பாடினி பாடினியே. கோடரி என்னும் உவமப் பொருள் கைக்கும் கருவிக்கும் உள்ள பிரிக்கவியலாத உறவைக் குறிப்பது. எனினும் இவ்வுறுதிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு; அதனை உரைகாரர் முதல் இற்றை ஆய்வாளர் வரை பெரிதும் பேசுவதில்லை. காட்டில் மரம் இருக்கவேண்டும். பல திசைகளிலும் புரவலர் இருந்த ஒரு சமூகத்தில்தான் அப்பாடலைப் பாட முடியும். இந்த நிபந்தனைக்கு மீண்டும் வருவோம்.

பெருஞ்சித்திரனாரின் பாடலையும் (புறநானூறு 208) இதனோடு இணைத்துக் காணவேண்டும். அதே அதியமான், புலவரைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். காணாது ஈந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்று புலவர் மறுத்தார். தம்மைக் கண்டு, தகுதியறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்றார். இங்குக் கூலி வந்துவிட்டது, வராதது பார்வை. வேலையை இழந்தவர் பலர் ஊதியத்தைவிட இதனையே முதலில் இழந்ததாக உணர்கின்றனர். ஒருவர் தம்மைக் கண்டார், தகுதி அறிந்தார் என்னும் உணர்வு மாதந்தோறும் ஊதியத்துடன் வந்துகொண்டிருந்தது. வேலை போனபின் எவரும் பார்ப்பதில்லை.

நாற்காலியின் கதை

ஆதவன் (1942–1987) கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். ரயில்வேயில் சில காலமும் பின்னர் நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றியவர். சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்த ஆண்டிலேயே 'முதலில் இரவு வரும்' தொகுப்பிற்காகச் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவரைப் பற்றிய திறனாய்வுகளில் 'வேடம்' என்ற சொல் மிகுதியாகப் புழங்குகிறது. மனிதர் சமூகத்திற்காக வேடம் அணிகின்றனர், வேடத்தின் அடியில் உண்மை முகம் மூச்சுத் திணறுகிறது, ஆதவன் அதனைத் திரை விலக்கிக் காட்டுகிறார் என்பது அத்திறனாய்வுகளின் பொதுப்போக்கு. இக்கட்டுரையாளர் இதனோடு உடன்படவில்லை. ஆதவனின் கதைகளில் வேடத்தைக் கழற்றினால் அடியில் முன்பே ஆயத்தமாக ஒரு முகம் காத்திருப்பதில்லை.

'ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். கைலாசம், அகர்வால் என்னும் இரு அலுவலர் ஒரே அறையில் அமர்த்தப்பட்டுள்ளனர். மொழி, சுவை, பேச்சு எதிலும் பொருத்தமில்லாத இருவரை அலுவலக ஏற்பாடு ஒன்று சேர்த்து வைத்திருக்கிறது. கைலாசத்தின் மனவோட்டமே கதை. அகர்வாலிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வதும், காத்துக்கொள்வதற்காகக் குற்றவுணர்வு கொள்வதும், அக்குற்றவுணர்வின் மேல் எரிச்சல் கொள்வதுமாக அது செல்கிறது. நண்பனைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத ஓரிடத்தில் வாழ்நாளின் பெரும்பகுதி கழிகிறது. தலைப்பு இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அறையில் இரண்டு மனிதர் என்று ஆதவன் எழுதவில்லை, நாற்காலிகளையே எண்ணினார். மனிதர் மாறலாம், ஓய்வு பெறலாம், மாற்றலாகிச் செல்லலாம். எண்ணிக்கை மாறாது.

இந்தக் கைலாசத்தின் நாற்காலியை ஒருநாள் எடுத்துவிட்டால் என்ன எஞ்சும்? கதை அவ்வினாவை எழுப்பவில்லை. அரசுப் பணியின் பாதுகாப்பில் எழுப்பவேண்டிய தேவையும் அன்று இல்லை. ஆயினும் விடை கதைக்குள்ளேயே உள்ளது. கைலாசத்திற்கு இலக்கியச் சுவையும் தன் உயர்வு பற்றிய எண்ணமும் உண்டு. ஆனால் அகர்வாலை மறுப்பதன் வழியாகவே அவை உருப்பெறுகின்றன. அகர்வால் இல்லையெனில் 'அகர்வால் அல்லாதவன்' என்னும் கைலாசமும் இல்லை. தன் உண்மை முகம் எனக் கைலாசம் நம்புவதும் அந்த அறையில்தான் செய்யப்பட்டது.

'காகித மலர்கள்' நாவலில் இதே நோய் ஒரு குடும்பத்தின் அளவிற்கு விரிகிறது. உயர்பதவி வகிக்கும் பசுபதியின் வீட்டில் ஒவ்வொருவரும் பிறர் பார்வைக்கென வாழ்கின்றனர். மாறாக 'என் பெயர் ராமசேஷன்' என்னும் நாவல் தலைப்பிலேயே பெயரை முன்வைத்துவிடுகிறது. தன்கூற்றாகப் பேசும் ராமசேஷன் இன்னும் மாணவன்; 'நான் இன்ன அலுவலகம்' என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பில்லை. பெயரைத் தவிர வேறு முன்னொட்டு இல்லாத அப்பருவத்தின் பதற்றமும் துள்ளலும் அந்நாவலில் உள்ளன. இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி' தில்லி அதிகார வட்டத்துள் ஏறி இறங்கும் கஸ்தூரியைக் காட்டுவது. அது தனியே ஆராயத்தக்கது; இங்கு விரிப்பின் பெருகும்.

நாற்காலி போன பின்

ஆதவனின் காலத்தில் கற்பனைக்கே எட்டாதிருந்த ஒன்று 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமை இல்லை என்று அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பான்மையோர் மீண்டும் பணியேற்றனர். இந்நிகழ்வைப் பொருளியல், சட்டம், தேர்தல் ஆகிய கோணங்களில் பலர் பேசியுள்ளனர். அந்த ஒரு மாதத்தில், கையொப்பத்தின் கீழ்ப் பதவிப்பெயர் எழுதப் பழகிய கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது பேசப்படவில்லை. மன்னிப்புக் கடிதத்தின் அடியில் அவர்கள் எந்தப் பெயரை இட்டனர்? 'முன்னாள்' என்றா, பதவி இன்றியா? நாற்காலி திரும்பக் கிடைத்தது. அது எடுக்கப்படக்கூடியது என்ற அறிவும் உடன் வந்தது. நம் புனைகதை இதற்குத் தரவேண்டிய இடத்தை இன்னும் தரவில்லை என்பது இக்கட்டுரையாளரின் மனக்குறை.

தனியார் துறை சார்ந்த இழப்பு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' (2013) கணினி நிறுவனங்கள் எழுந்த சென்னைச் சாலை ஒன்றையே தலைப்பாகக் கொண்டது. ஒரு சாலையின் பெயரால் ஒரு தொழில் முழுவதையும் சுட்டிவிடும் அந்நாவல், பணிநீக்க அச்சத்தை அன்றாடத்தின் பகுதியாக்கிக் காட்டுகிறது.

புசா ரோடும் இன்று வேறொரு தொழிலால் அறியப்படுகிறது. சாலையின் அருகே பழைய ராஜேந்திர நகரிலும் கரோல் பாக்கிலும் குடிமைப் பணித் தேர்வுக்கான பயிற்சி மையங்கள் செறிந்துள்ளன. 2024 ஜூலை 27 அன்று அப்பகுதியில் ஒரு மையத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர் இறந்த செய்தி நாடறிந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர் இங்கு வந்து தங்குகின்றனர். பொதுப்பிரிவினர் 32 வயதுவரை 6 முறையும், பிற பிற்படுத்தப்பட்டோர் 35 வயதுவரை 9 முறையும் இத்தேர்வை எழுதலாம். ஆண்டுகள் செல்லச் செல்லத் 'தேர்வர்' என்பதே அவர்க்குப் பெயராகிறது. கடைசி வாய்ப்பும் தீரும் நாளில் இழக்கப்படுவது எது? ஒருநாளும் அமராத நாற்காலி. 'ரயில்வே போர்டு மாமா' பதவியை அனுபவித்து இழந்தார். இவர் அனுபவியாமலே இழக்கிறார். இழப்பின் வலியில் வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. அடையாளம் வேலையால் மட்டுமன்று, வேலைக்கான காத்திருப்பாலும் செய்யப்படுவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இழப்பிற்குப் பின் நிகழ்வதை நுணுகி ஆராய்ந்த நூல்களுள் முதன்மையானது ஆஸ்திரியாவின் மரியெந்தால் என்னும் ஊரைப் பற்றி மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் 1933இல் வெளியிட்டது. நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. பொழுது பெருகியும் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆடவர் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். அன்று என்ன செய்தீர் என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல இயலவில்லை. பெண்டிர்க்கோ சமையலும் துவைத்தலும் பிள்ளைகளும் முன்போலவே இருந்தன. அவர்கள் நாளில் மணிகள் கலையவில்லை. குறுந்தொகைத் தோழியை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. வினை யாருடைய உயிர் என்ற கேள்விக்கு மரியெந்தால் பெண்கள் வேறொரு விடை தருகின்றனர்: கூலியின்றிச் செய்யப்படுவதால் எவராலும் பறிக்கப்படாத வினை. அதனைப் புகழ்ந்து பாடுவதில் உள்ள வசதியான அநீதியையும் உடன் சொல்லியாக வேண்டும். அவ்வினையிலிருந்து அவர்களுக்கு ஓய்வும் இல்லை.

இவ்விடத்து ஒரு நேர்ப்பட்ட செய்தி. புசா ரோட்டின் பக்கத் தெருவில் வாழ்ந்த தமிழர் ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபதாண்டுக்கு மேல் இருந்தவர். நிறுவனம் தில்லி அலுவலகத்தை மூடியது. அவர் வீட்டில் சொல்லவில்லை. நாள்தோறும் எட்டரைக்கு டிபன் டப்பாவுடன் கிளம்பி அஜ்மல்கான் பூங்காவில் வெயில் காய்ந்து மாலை திரும்பினார். இரண்டாம் வாரமே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை, டப்பாவைக் கட்டித் தந்துகொண்டே இருந்தார். ஏழு திங்கள் இப்படிச் சென்றது. பிறகு பக்கத்து வீட்டுச் சிறுமி பத்தாம் வகுப்புக் கணக்கில் ஐயம் கேட்டு வந்தாள். ஆண்டிறுதிக்குள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் புசா ரோடு பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஆறேழு பேர் மாலையில் வந்தனர். அலுவலகத்திலும் 'சார்' என்றே அழைக்கப்பட்டவர் அவர். பிள்ளைகளும் 'சார்' என்றே அழைத்தனர். 'அது சீட்டுக்குச் சொன்னது சார்' என்று இக்கட்டுரையாளரிடம் ஒருமுறை கூறினார். பிள்ளைகள் தருவது பழைய ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் அன்றே சொன்னார்.

கணக்கு அவர் கையில் முன்பே இருந்தது. இருபதாண்டு அது கோடரி என்று அவர்க்குத் தெரியவில்லை. நாற்காலியின் ஒரு கால் என்றே நினைத்திருந்தார். 'வேலை வேறு, நீ வேறு' என்ற ஆறுதல் மொழி அவரை மீட்கவில்லை. வேலையிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டார் எனல் பொருந்தாது; வேலைக்குள்ளேயே உத்தியோகத்திலிருந்து தொழிலைப் பிரித்தெடுத்தார் எனலாம். அதற்கும் ஒரு சிறுமி வந்து கேட்க வேண்டியிருந்தது. பெருஞ்சித்திரனார் வேண்டிய 'கண்டு அறிதல்' இதுவே.

காதரின் முகவரி

இத்துடன் நிறுத்தினால் ஒளவையாரின் பக்கமே வழக்கு முடிந்துவிடும். ஆனால் முன்னர்ச் சுட்டிய நிபந்தனை எஞ்சி நிற்கிறது: காட்டில் மரம் இல்லையெனில்? அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' அந்த இடத்தில் எழுதப்பட்ட கதை. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றி, வெளியேறி முழுநேர எழுத்தாளரானவர் அசோகமித்திரன். நாற்காலியின் இருபுறத்தையும் அறிந்தவர்.

படப்பிடிப்பு நிறுவனம் ஒன்றில் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு. அங்குள்ளோர்க்கு ஊதியம் உண்டு. அப்போது செய்வதற்கு வேலை அதிகமில்லை. அவ்வறைக்கு ஒருவன் வருகிறான். தன்னை 'டகர் பாயிட் காதர்' என்கிறான். பெயரோடு தொழிலையும் சேர்த்தே சொல்கிறான். அறையில் இருப்பவர்க்கு முதலில் அது விளங்கவும் இல்லை. புலித்தலையை மாட்டிக்கொண்ட அளவில் அவன் மறைந்து, அறையில் ஒரு புலி இருக்கிறது. மேசை மேல் பாய்கிறது, உறுமுகிறது. ஆட்டம் முடிந்ததும் பசித்த மனிதன் ஒருவன் ஏதாவது வாய்ப்புத் தரும்படி கெஞ்சி அழுகிறான். வேலையில்லாத நாற்காலிகளின் எதிரே நாற்காலியில்லாத தொழில். கதையின் வன்மை இந்த எதிர்நிலையில் உள்ளது. ஆசிரியர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

காதரிடம் கோடரி இருக்கிறது. தில்லிக் கணக்கரைப் போல அதனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, உடம்பே கோடரி. அறையில் இருந்தோர் அவனைக் கண்டனர், அறிந்தனர், வியந்தனர். பெருஞ்சித்திரனார் வேண்டியதும் கிடைத்துவிட்டது. அப்படியும் அவன் உய்யவில்லை. தன் தொழிலில் தன்னை முழுதும் கரைத்துக்கொண்ட ஒருவனைத் தாங்க அவனைச் சுற்றி எவரும் இல்லை. டப்பா கட்டித் தரும் மனைவியும் ஐயம் கேட்கும் சிறுமியும் கணக்கர்க்கு இருந்தனர். கைத்தொழிலே மீட்சி என்று முடிவு கட்டும் எவரும் இக்கதையைத் தாண்டிச் செல்லவேண்டும். இக்கட்டுரையாளருக்கு அது கைகூடவில்லை.

பின்னர்ப் புலிவேடக்காரன் ஒருவன் வரும்படியான காட்சி அமைகிறது. பிரிவிலிருந்து கடிதம் செல்கிறது. அது காதரின் பெயருக்கு எழுதப்பட்டது. அவன் தந்து சென்ற முகவரிக்கு அனுப்பப்பட்டது. அந்த முகவரியில் அந்தப் பெயர் இல்லை என்று கடிதம் திரும்பி வருகிறது.